சும்மா இருக்கும் கணனி ஏன் சூடாகிறது?



வீட்டில் திருட்டுப் போனால் எமக்கு எப்படித் தெரிய வருகிறது? பூட்டு உடைந்திருக்கும். அலுமாரி திறந்து கிடக்கும். நகையோ பணமோ காணாமற் போயிருக்கும். ஆனால், பூட்டும் உடையாமல், ஒரு சாமானும் குறையாமல், மாதக் கணக்கில் வீட்டுக்குள் இருந்தே ஒருவன் திருடிக்கொண்டிருக்க முடியும் என்றால் நம்புவீர்களா? அவன் எடுப்பது எமது மின்சாரத்தை. தேய்ப்பது எமது கணனியை. எங்கள் வீட்டில் அவனைக் கண்டுபிடிக்க ஏறக்குறைய மூன்று மாதங்கள் சென்றன. அதற்கிடையில் குற்றமற்ற ஒரு பிள்ளையை நான் தண்டித்தும் விட்டேன். உங்கள் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்பதற்காகவே இம்மாதம் இதை எழுதுகிறேன்.

ஸஹர் நேரத்துச் சத்தம்

2020ஆம் ஆண்டு கொரோனாவினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பிள்ளைகளின் ஸூம் வகுப்புகளுக்கென்று பாவித்த மேசைக் கணனி ஒன்றை வாங்கினோம். இன்றும் அது ஹோலின் மூலையில் இருக்கிறது. மகன் படிப்பதும், மகள் படம் வரைவதும், நான் தையல் மாதிரிகள் பார்ப்பதும் அதில்தான். இரவில் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் பெட்டியை அப்படியே விட்டுவிடுவது எங்கள் வழக்கம். அது தவறான வழக்கம் என்பது பின்னர்தான் விளங்கியது.

ஒரு நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழும்பியபோது, இருட்டில் மாவரைக்கும் மில்லைப் போல ஒரு சத்தம் கேட்டது. கணனியின் விசிறி உச்ச வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பெட்டியில் கையை வைத்தேன். அயன் பெட்டியைத் தொட்டது போல் இருந்தது. எனக்கு வந்த முதல் எண்ணம், மகன் விடிய விடிய விளையாடிவிட்டு இப்போதுதான் போய்ப் படுத்திருக்கிறான் என்பதுதான். எழுப்பி ஏசினேன்.

“நான் ராவைக்குத் தொடவே இல்ல உம்மா” என்றான். நான் நம்பவில்லை.

அடுத்தடுத்த நாட்களும் அதே சத்தம். கீபோர்டையும் மவுஸையும் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். அன்றைய ஸஹர் நேரத்திலும் விசிறி இரைந்துகொண்டுதான் இருந்தது. பிள்ளையில் குற்றமில்லை என்பது எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். நானோ, “விளையாடி விளையாடிப் பழுதாக்கினவன் நீதானே” என்று ஏசி, ஒரு மாதத்துக்குக் கணனியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் கதைக்கவில்லை. சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு மின்சார பில் வந்தது. வழக்கமாக 80 அலகுகளுக்குள் நிற்கும் எங்கள் பாவனை 110ஐத் தாண்டியிருந்தது. பிரிஜ்ஜைச் சந்தேகித்தேன். அயன் பண்ணும் நாட்களைக் குறைத்தேன். கணனியைத் திருத்தும் கடைக்கும் கொண்டுபோனோம். விசிறியை மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றினோம். காசு போனது. இரண்டாம் நாள் மறுபடியும் அதே சத்தம்.

ஆள் வந்ததும் ஒளிந்தவன்

ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் கொழும்பிலிருந்து என் தம்பி வந்திருந்தான். கணனி வேலை தெரிந்தவன். விசிறியின் சத்தத்தைக் கேட்டதும் கீபோர்டில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினான். ‘டாஸ்க் மேனேஜர்’ என்ற பலகை திறந்தது. கணனிக்குள் அந்த நேரத்தில் என்னென்ன வேலைகள் நடக்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு பலத்தை எடுக்கின்றது என்பதைக் காட்டும் பட்டியல் அது.

அது திறந்து சில விநாடிகளில் விசிறி அடங்கிப் போனது. பட்டியலில் சந்தேகப்படும்படியாக ஒன்றுமில்லை.

“சரியாகிட்டுதே” என்றேன்.

“இல்ல ராத்தா, ஆள் வந்ததும் ஒளிஞ்சிட்டான்” என்று சொல்லிப் பலகையை மூடினான். சற்று நேரத்தில் மறுபடியும் இரைச்சல். திறந்தான், அடங்கியது. மூடினான், இரைந்தது. மூன்று தடவை செய்து காட்டினான். “விசிறி பழுதென்றால் பலகையைத் திறந்ததும் அடங்காது. உள்ளே இருக்கிறது ஒரு திருட்டு மைனர்” என்றான்.

இந்த நேரமெல்லாம் மகன் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மைனர் என்றால் என்ன?

பிட்கொயின் போன்ற நாணயங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிட்கொயின் 2009ஆம் ஆண்டில் தொடங்கியது. இவற்றுக்குத் தாளும் இல்லை, உலோகமும் இல்லை. வெளியிடும் மத்திய வங்கியும் இல்லை. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கேட்டை உலகெங்குமுள்ள ஆயிரக்கணக்கான கணனிகள் சேர்ந்து பராமரிக்கின்றன. அக்கணக்கேட்டில் புதிய பக்கமொன்றைச் சேர்ப்பதற்குக் கணனிகள் கடினமான எண் புதிர் ஒன்றை விடுவிக்கப் போட்டியிடுகின்றன. வெல்பவருக்குப் புதிய நாணயங்கள் கூலியாகக் கிடைக்கின்றன. இதைத்தான் சுரங்கம் தோண்டுவதற்கு ஒப்பிட்டு ‘மைனிங்’ என்கிறார்கள். அந்த வேலையைச் செய்யும் மென்பொருள்தான் மைனர்.

புதிர் என்றாலும் அதில் புத்திசாலித்தனம் ஒன்றும் இல்லை. கோடிக்கணக்கான இலக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதுதான் வேலை. அதற்கு வேண்டியது மின்சாரம். இன்று பிட்கொயினைத் தோண்டுவதற்கென்றே தனி இயந்திரங்கள் இருக்கின்றன. வீட்டுக் கணனியால் அது ஆகாது. ஆனால் 2014இல் வந்த ‘மொனேரோ’ என்ற நாணயம் சாதாரணக் கணனிகளாலும் தோண்டக் கூடியவாறு அமைக்கப்பட்டது. யார் யாருக்கு அனுப்பினார், எவ்வளவு அனுப்பினார் என்பதையும் அது மறைத்துவிடுகிறது. திருடர்கள் அதை விரும்புவதற்கு இவ்விரு காரணங்களும் போதுமல்லவா?

சொந்த வீட்டுக் கணனியில் இதைத் தோண்டினால், கிடைக்கும் நாணயத்தைவிட மின்சார பில் பெரிதாக இருக்கும். ஆகவே, பில்லை வேறொருவர் கட்டினால்தான் இது இலாபம். ‘ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே’ என்பார்களே, அதே கதைதான்.

ஒரு வீட்டுக்கு ஒன்பது டொலர்

2021 ஜூன் மாதத்தில் அவாஸ்ட் என்ற கணனிப் பாதுகாப்பு நிறுவனம் இப்படிப்பட்ட ஒரு மைனரைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. அதற்குக் ‘கிரேக்கொனோஷ்’ என்று பெயரிட்டார்கள். செக் நாட்டு நாடோடிக் கதைகளில் வரும் மலைப் பூதமொன்றின் பெயரைத் தழுவியது அது. பூட்டு உடைக்கப்பட்டு இலவசமாக விடப்பட்ட பிரபல கணனி விளையாட்டுகளுக்குள் அது ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. விளையாட்டை நிறுவுபவர் அதையும் சேர்த்தே நிறுவிவிடுகிறார். அது முதலில் கணனியின் வைரஸ் காவலை அழிக்கும். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்தும். பிறகு, காவல் நலமாக இருப்பது போல, பச்சை அடையாளத்துடன் போலிச் சின்னமொன்றைத் திரையின் மூலையில் வைத்துவிடும்!

2018 முதல் உலகெங்கும் 2 இலட்சத்து 22 ஆயிரத்துக்கு மேற்பட்ட கணனிகளில் அது புகுந்திருந்தது. அவற்றைக் கொண்டு திருடர்கள் சேர்த்த மொனேரோவின் பெறுமதி 20 இலட்சம் டொலருக்கு மேல். பெரிய தொகைதான். ஆனால் வகுத்துப் பாருங்கள். ஒரு கணனிக்கு ஒன்பது டொலர் அளவில்தான் வருகிறது. அந்த ஒன்பது டொலருக்காக ஒவ்வொரு வீட்டிலும் எவ்வளவு மின்சாரம் வீணாகியிருக்கும், எத்தனை பெட்டிகள் சூடேறிப் பழுதாகியிருக்கும், எத்தனை பிள்ளைகள் ஏச்சு வாங்கியிருப்பார்கள்!

நமது பில்லுக்கு ஒரு கணக்குப் போடுவோம். மேசைக் கணனி ஒன்று சும்மா இருக்கும்போது 50 வொட்டும், முழு வேகத்தில் 150 வொட்டும் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலதிகம் 100 வொட். இரவில் பத்து மணித்தியாலம் ஓடினால் 1 அலகு. மாதத்துக்கு 30 அலகுகள். எமது நாட்டில் அலகு கூடக்கூட ஓர் அலகின் விலையும் படிப்படியாகக் கூடுவதால், இந்த 30 அலகுகள் பில்லை அடுத்த படிக்கு ஏற்றிவிடப் போதுமானவை.

எங்கள் வீட்டில் அவன் வந்த வழியும் அதே வழிதான். நோன்புக்கு முன்னர் மகன் தன் வகுப்புத் தோழனிடமிருந்து பென் டிரைவில் ஒரு விளையாட்டைக் கொண்டு வந்திருக்கிறான். அதை நிறுவுமுன் வைரஸ் காவலை நிறுத்தும்படி அதனுடன் இருந்த குறிப்பு சொல்லியிருக்கிறது. பிள்ளை அப்படியே செய்திருக்கிறான். “காவற்காரனைத் தூங்க வைத்துவிட்டு வா என்று சொல்பவன் நல்லவனா மகன்?” என்று தம்பி கேட்டபோதுதான் அவனுக்கும் விளங்கியது.

அடையாளங்கள்

இதைக் கண்டுபிடிக்கக் கணனிப் படிப்புத் தேவையில்லை. வீட்டின் சத்தத்தையும் சூட்டையும் பில்லையும் அறிந்த பெண்ணுக்கு இது எளிது.

ஒருவரும் பாவிக்காத வேளையில் விசிறி இரைவதும் பெட்டி சுடுவதும் முதல் அடையாளம். சிறிய வேலைக்கும் கணனி தடுமாறுவது இரண்டாவது. மடிக்கணனியானால் மின்கலம் வழக்கத்தைவிட விரைவில் தீர்ந்துபோகும். டாஸ்க் மேனேஜரில் ‘சி.பி.யூ.’ என்ற நிரலில், வேறு வேலை எதுவும் நடக்காதபோதும் 70, 80 வீதம் என்று தொடர்ந்து நிற்கும். அல்லது எங்கள் வீட்டில் நடந்தது போல, அந்தப் பலகையைத் திறந்ததும் எல்லாம் அடங்கிப் போகும். வைரஸ் காவல் தானாக நின்றிருப்பதும், அதைத் திறக்க முடியாமல் இருப்பதும் பாரதூரமான அடையாளங்கள்.

ஆயினும், விசிறி இரைந்தால் உடனே திருடன் என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். விண்டோஸ் தன்னைப் புதுப்பிக்கும்போதும், வைரஸ் காவல் முழுச் சோதனை செய்யும்போதும் கணனி சூடாகும். அந்த வேலைகள் முடிந்ததும் அடங்கிவிடும். உள்ளே தூசி அடைத்திருந்தாலும் சூடாகும். ஆனால் பலகையைத் திறந்து மூடுவதற்கேற்ப அது மாறாது. நாள் தவறாமல், வேலை ஒன்றும் இல்லாத நேரத்தில் நடந்தால்தான் சந்தேகிக்க வேண்டும்.

அகற்றுவது எப்படி?

தம்பி செய்ததை வரிசையாகத் தருகிறேன். இது விண்டோஸ் 10, 11 ஆகியவற்றுக்குப் பொருந்தும்.

1. முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். மைனர் தன் எசமானுடன் தொடர்புகொள்ள முடியாமற் போகும்.

2. பிள்ளைகளின் படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறொரு வன்தட்டில் பிரதி செய்யுங்கள். மென்பொருட்களையும் விளையாட்டுகளையும் பிரதி செய்ய வேண்டாம். நோயையும் சேர்த்துக் கொண்டுபோவதாகிவிடும்.

3. ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்து, ‘வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன்’ பகுதிக்குச் செல்லுங்கள். மூலையிலுள்ள பச்சை அடையாளத்தை நம்பி இருந்துவிடாமல் உள்ளே போய்ப் பாருங்கள். அதன் அமைப்புகளில் ‘எக்ஸ்குளூஷன்ஸ்’ என்று ஒன்றிருக்கும். ‘இவற்றைச் சோதிக்க வேண்டாம்’ என்ற விலக்குப் பட்டியல் அது. எங்கள் கணனியில் ‘சி’ டிரைவ் முழுவதுமே அதில் இருந்தது! காவற்காரனிடம் ‘வீட்டுக்குள் மட்டும் பார்க்காதே’ என்று சொல்லியிருந்தால் எப்படி? நீங்கள் சேர்க்காதவை அதில் இருந்தால் நீக்குங்கள்.

4. அதே இடத்தில் ‘ஸ்கேன் ஒப்ஷன்ஸ்’ என்பதில் ‘ஒப்லைன் ஸ்கேன்’ஐத் தெரிவு செய்யுங்கள். செய்துகொண்டிருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டு இதைத் தொடங்க வேண்டும். கணனி தானாக அணைந்து, விண்டோஸ் எழும்புவதற்கு முன்னரே சோதனை நடக்கும். திருடன் தூக்கத்தில் இருக்கும்போதே பிடிப்பது போன்றது இது. கால் மணித்தியாலம் அளவில் செல்லும்.

5. சோதனை முடிந்ததும், அந்த விளையாட்டையும் நீங்கள் அறியாத மென்பொருட்களையும் அகற்றுங்கள். டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியையும் பாருங்கள். கணனி எழும்பும்போது தாமாக எழும்புபவை அங்கே இருக்கும். ‘டாஸ்க் ஷெடியூலர்’ என்ற இடத்திலும் மைனர்கள் தம்மை மீண்டும் எழுப்பும்படி சொல்லி வைப்பதுண்டு. அங்கே கைவைப்பதற்கு விளக்கம் உள்ள ஒருவரை வைத்துக்கொள்வது நல்லது.

6. இணையத்தை இணைத்து, விண்டோஸைப் புதுப்பித்து, முழுச் சோதனை ஒன்றை நடத்துங்கள். இரண்டு மூன்று நாட்கள் விசிறியைக் கவனியுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சத்தம் திரும்பினால், அல்லது வைரஸ் காவலைத் திறக்கவே முடியாவிட்டால், எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே வழி. எங்கள் கணனிக்கும் இறுதியில் அதைத்தான் செய்தோம். அரை நாள் வேலை, மனம் நிம்மதி.

இதோடு வேலை முடியவில்லை. மைனர் நுழைந்த கதவால் கடவுச்சொற்களைத் திருடும் மென்பொருளும் நுழைந்திருக்கலாம். ஆகவே, சுத்தமான வேறொரு சாதனத்திலிருந்து மின்னஞ்சல், வங்கி, முகநூல் ஆகியவற்றின் கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள். நோய்ப்பட்ட கணனியில் இருந்துகொண்டே மாற்றினால் புதிய சாவியையும் திருடனிடம் கொடுத்ததாகிவிடும்.

இணையப் பக்கங்களும் தொலைபேசியும்

மென்பொருள் எதையும் நிறுவாமலும் இந்தத் திருட்டு நடந்ததுண்டு. 2017 செப்டெம்பரில் ‘கொயின்ஹைவ்’ என்ற சேவை வந்தது. அதன் சில வரிகளை இணையப் பக்கமொன்றில் சேர்த்துவிட்டால், அதைத் திறந்து வைத்திருக்கும் நேரமெல்லாம் வாசகரின் கணனி மொனேரோ தோண்டும். 2018 பெப்ரவரியில், பார்வை குறைந்தோருக்குப் பக்கங்களை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றுக்குள் இவ்வரிகளை யாரோ புகுத்திவிட்டனர். பிரித்தானிய அரச நிறுவனங்களின் தளங்கள் உட்பட 4,000க்கு மேற்பட்ட தளங்கள் அதனால் பாதிக்கப்பட்டன. கொயின்ஹைவ் 2019 மார்ச்சில் மூடப்பட்டது. அவ்வாண்டிலிருந்தே பயர்பொக்ஸ் உலாவி இத்தகைய மைனர்களை இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. ஒரு பக்கத்தைத் திறந்ததும் விசிறி இரைந்து, மூடியதும் அடங்கினால், அந்தப் பக்கத்துக்கு மறுபடியும் போகாதீர்கள்.

கைத்தொலைபேசியும் விதிவிலக்கல்ல. 2017 டிசம்பரில் கெஸ்பெர்ஸ்கி நிறுவனம் ‘லோஆப்பி’ என்ற அன்ட்ரொயிட் நச்சு மென்பொருளை ஒரு தொலைபேசியில் ஓடவிட்டுப் பார்த்தது. ஓயாத வேலையினால் இரண்டே நாட்களில் மின்கலம் வீங்கி, தொலைபேசியின் மூடியே வளைந்துவிட்டது. கூகிள் தனது பிளே ஸ்டோரில் மைனிங் செயலிகளை 2018இலேயே தடை செய்தது. ஆகவே, செயலிகளை அங்கிருந்து மட்டுமே எடுங்கள். வட்ஸ்அப்பில் வரும் கோப்புகளைத் தட்டி நிறுவ வேண்டாம். தலையணைக்கடியில் இருக்கும் தொலைபேசி காரணமின்றிச் சுட்டால் அலட்சியம் செய்யாதீர்கள்.

கதவைச் சாத்துவோம்

மருந்தைவிடக் காப்பு மேலல்லவா? பூட்டுடைத்த விளையாட்டையும் மென்பொருளையும் வீட்டுக்குள் எடுக்காதீர்கள். ஒருவருடைய உழைப்பை அவருக்குரியதைக் கொடுக்காமல் எடுப்பது முறையல்ல என்பது ஒரு புறம். இலவசம் என்று வருவது எமது பில்லில்தான் கட்டப்படுகிறது என்பது மறுபுறம். எழுதுவதற்கு ‘லிப்ரே ஒபிஸ்’ போன்ற, முறைப்படி இலவசமாகக் கிடைக்கும் மென்பொருட்கள் இருக்கின்றன. பிள்ளைகளுக்குக் கணனியில் தனிக் கணக்கு அமைத்து, புதியன நிறுவும் அதிகாரத்தை உங்கள் கணக்கில் மட்டும் வைத்திருங்கள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்திவிட்டது. முடிந்தவர்கள் 11க்கு மாறுவது நல்லது. எல்லாவற்றிலும் எளிதானது, இரவில் கணனியை முழுமையாக அணைத்துச் சுவரிலுள்ள ஆளியையும் மூடிவிடுவது. மின்சாரமில்லாத பெட்டியில் எந்தத் திருடனாலும் தோண்ட முடியாது.

கடைசியாக ஒன்று. அன்று தம்பி வேலையை முடித்து எழும்பிய பிறகு, மகனைக் கூப்பிட்டு, “உம்மா உன்னைப் பிழையாக நினைச்சிட்டேன் மகன், மன்னிச்சுக்கோ” என்றேன். “நான்தானே அந்த விளையாட்டைக் கொண்டு வந்தது உம்மா” என்றான் அவன். நான் ஏசுவேன் என்ற பயத்தில்தான் பென் டிரைவைப் பற்றி அவன் சொல்லாமல் இருந்திருக்கிறான். நான் அன்று ஏசாமல், “என்ன நடந்தது?” என்று மட்டும் கேட்டிருந்தால், மூன்று மாதம் ஓடியவனை மூன்றாம் நாளே பிடித்திருக்கலாம்.

ஆகவே சகோதரிகளே, இன்றிரவு படுக்கப் போகுமுன் கணனிப் பெட்டியில் ஒரு தடவை கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் பிள்ளையை எழுப்பாதீர்கள். கணனியை அணைத்துவிட்டுப் படுங்கள். காலையில் ஆறுதலாகக் கேட்கலாம்.